ஓடம் சென்ற வழி

‘விரைவு’ என்னும் சொல்லுக்கு இந்நாளில் கிடைத்திருக்கும் மதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் கிடைத்ததில்லை. கோவையிலிருந்து சென்னைக்கு ‘வந்தே பாரத்’ இரயில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் சென்றுவிடுகிறது. அதுவும் போதாதென்று விமானம் ஏறுவோர் உண்டு. சென்று சேரும் இடம் ஒன்றே நமக்குக் கருத்தாயிருக்கிறது. வழியில் எந்த ஆற்றைக் கடந்தோம், அதில் தண்ணீர் ஓடிற்றா என்று யாரேனும் கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரியாது.

இரயில் வண்டியை உலகுக்கு வழங்கிய நாடு இங்கிலாந்து. அந்த நாட்டில், விடுமுறை கிடைத்ததும் மனைவி மக்களுடன் படகேறி, மனிதன் நடக்கும் வேகத்தில் கால்வாய் வழியே ஊர் ஊராகச் செல்வதற்குப் பணம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள் என்றால் வியப்பாயிருக்கிறதல்லவா? அந்தக் கால்வாய்களின் கதையையும், நம் தமிழ் மண்ணிலிருந்த அத்தகைய கால்வாய் ஒன்றின் கதையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. ஒன்று சாகும் தறுவாயில் பிழைத்தது. மற்றொன்று நம் கண்முன்னே நலிந்து கிடக்கிறது. ஏன் இந்த வேறுபாடு?

ஏழடி அகலத்தில் ஒரு வீடு

இங்கிலாந்துக் கால்வாய்களில் செல்லும் படகை ‘நேரோபோட்’ என்கிறார்கள். ஒடுங்கிய படகு என்பது பொருள். அதன் அகலம் ஏழடியைத் தாண்டாது. நீளமோ எழுபதடி வரை இருக்கும். நம் ஊர் வீட்டு நடையைப்போல் நீண்டு கிடக்கும் அதற்குள் அடுப்பு, படுக்கை, உணவு மேசை, குளியலறை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும். பின்புறம் ஒருவர் நின்றுகொண்டு சுக்கானைப் பிடிப்பார். மணிக்கு நான்கு மைலுக்கு மேல் செல்லக்கூடாது என்பது விதி. கரையோரம் கட்டப்பட்டிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதனினும் மெதுவாகச் செல்ல வேண்டும். இல்லையேல் எழும் அலையில் அந்தப் படகில் இருப்பவரின் தேநீர்க் கோப்பை கவிழ்ந்துவிடும்!

இலண்டனிலிருந்து பர்மிங்காம் நகருக்குச் செல்லும் ‘கிராண்ட் யூனியன்’ கால்வாயின் நீளம் 137 மைல். இரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும் இப்பயணம், படகில் ஒரு வாரத்திற்கு மேல் பிடிக்கும். காரணம், வழியில் 166 ‘லாக்’குகள் இருக்கின்றன.

‘லாக்’ என்பது என்ன? மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே படகை ஏற்றி இறக்கும் நீர்த் தொட்டி அது. தொட்டியின் இரு முனைகளிலும் கனத்த கதவுகள் இருக்கும். கீழிருந்து வரும் படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை அடைத்துவிடுவார்கள். பிறகு மேல்பக்கத்து மதகைச் சற்றே திறந்தால், மேலே உள்ள நீர் தொட்டிக்குள் பாய்ந்து நிரம்பும். நீர் உயர உயரப் படகும் உயரும். மேல்மட்டத்துக்குச் சமமானதும் முன்கதவைத் திறந்து படகு வெளியேறும். பெரும்பாலான இடங்களில் மதகை ஏற்றுவதும், கதவைத் தள்ளுவதும் பயணிகளே. அப்பா சுக்கானைப் பிடிக்க, அம்மாவும் பிள்ளைகளும் கரையில் இறங்கிக் கதவுத் தண்டில் முதுகைக் கொடுத்துத் தள்ளுவார்கள். எதிரே வேறு படகு வந்தால் அவர்களும் கை கொடுப்பார்கள். தன் படகு கடந்தபின் கதவை அடைத்து, மதகை இறக்கிவிட்டுச் செல்ல வேண்டும் என்பது அங்கு எழுதப்பட்ட விதி மட்டுமன்று, மரியாதையும் ஆகும். ஒருவர் கவனக்குறைவாகத் திறந்துவிட்டுப் போனால், அடுத்தவருக்குக் கால்வாயில் நீர் இராது.

காளிங்கராயனும் பிரிண்ட்லியும்

இக்கால்வாய்கள் இன்பப் பயணத்துக்காக வெட்டப்பட்டவையல்ல. வோர்ஸ்லி என்னும் ஊரில் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்கு நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்தன. அங்கிருந்து மான்செஸ்டர் நகருக்குக் கரி கொண்டுசெல்ல அவர் வெட்டிய கால்வாய் 1761-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு வழிவகுத்த ஜேம்ஸ் பிரிண்ட்லி, ஆலை இயந்திரங்கள் செய்யும் தொழிலாளி. எழுதப் படிக்க அரிதாகவே அறிந்தவர். கடினமான சிக்கல் எதிர்ப்பட்டால் படுக்கையில் படுத்துக்கொண்டு, விடை கிடைக்கும்வரை சிந்திப்பாராம். கால்வாய் திறந்ததும் மான்செஸ்டரில் கரியின் விலை பாதியாகக் குறைந்தது. சாலையில் ஒரு குதிரை இழுக்கக்கூடிய சுமையைப் போலப் பல மடங்கு சுமையை, நீரில் மிதக்கவிட்டால், அதே குதிரை கரையில் நடந்தபடியே இழுத்துவிடும். இந்த எளிய உண்மையே அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் அந்நாடெங்கும் கால்வாய்களைப் படரச் செய்தது.

பிரிண்ட்லி வெட்டிய கால்வாய்கள் நேராகச் செல்வதில்லை. குன்றைக் கண்டால் ஒதுங்கி, பள்ளத்தைக் கண்டால் வளைந்து, ஒரே மட்டத்தில் நெளிந்து நெளிந்து செல்கின்றன. இதைக் கேட்டதும் கொங்கு நாட்டாருக்கு ஒரு நினைவு வரவேண்டும். காளிங்கராயன் வாய்க்காலும் அப்படித்தானே செல்கிறது? பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன் தொடங்கி, ஈரோட்டைத் தொட்டுக்கொண்டு, நொய்யலை நோக்கி ஏறக்குறைய 56 மைல் வளைந்து செல்லும் அந்த வாய்க்காலை, 13-ஆம் நூற்றாண்டில் காளிங்கராயன் என்னும் கொங்குத் தலைவன் வெட்டுவித்தான். ஒரு பாம்பு முன்னே ஊர்ந்து வழி காட்டியதாகவும், அது சென்ற தடத்திலேயே வாய்க்கால் வெட்டப்பட்டதாகவும் நம் பெரியோர் சொல்வர். கதையின் உட்பொருள் தெளிவானது. நிலத்தின் மட்டத்தை அறிந்து, அதற்குப் பணிந்து சென்றால்தான் நீர் ஓடும். நம் காலத்தில் பரம்பிக்குளம்-ஆழியாற்றுத் திட்டத்தில் மலைச்சரிவைச் சுற்றி வெட்டிய கால்வாய்க்குக் ‘காண்டூர் கால்வாய்’ என்றே பெயர் வழங்குகிறது. ஒரே மட்டத்தில் செல்வது என்று அதற்குப் பொருள். பிரிண்ட்லிக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே இக்கலை நம் மண்ணில் கைகூடியிருந்தது. நம்மவர் பயிருக்காக வெட்டினர். அவர்கள் பாரத்துக்காக வெட்டினர்.

படகே வீடான குடும்பங்கள்

இன்று வண்ணம் தீட்டிய படகில் பூந்தொட்டி வைத்துச் செல்வோரைக் கண்டு, அது எக்காலத்தும் இன்பமான வாழ்வாயிருந்தது என்று எண்ணிவிடக்கூடாது. இரயில் வந்தபின் கால்வாய் வணிகம் போட்டியில் நசுங்கியது. கரையில் வாடகைக்கு வீடு பிடிக்க வருவாய் போதாமல், படகோட்டிகள் மனைவி மக்களைப் படகிலேயே குடியேற்றினர். முழுப் படகும் சரக்குக்குச் சென்றுவிட, பின்கோடியில் பத்தடிக்கு ஏழடியான ஒரு சிற்றறையே வீடு. சமையலும் படுக்கையும் பிள்ளைப்பேறும் அதற்குள்ளேதான். சிறு பிள்ளைகள் விடியுமுன் எழுந்து குதிரையை ஓட்டினர். படகு ஓரிடத்தில் நில்லாததால் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் என்பதே இல்லாமற்போயிற்று. நீண்ட சுரங்க வழிகளில் ஆட்கள் படகின்மேல் மல்லாந்து படுத்து, பக்கச் சுவர்களைக் காலால் உதைத்து உதைத்தே படகை நகர்த்தினர்.

இக்குழந்தைகளின் நிலையைக் கண்டு மனம் நொந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாது போராடியதன் பயனாக, 1877-ஆம் ஆண்டில் கால்வாய்ப் படகுச் சட்டம் நிறைவேறியது. படகுகளைப் பதிவு செய்யவும், ஒரு படகில் இத்தனை பேர்தான் தங்கலாம் என்று வரையறுக்கவும், பிள்ளைகளின் கல்விக்கு வழி தேடவும் அது வகை செய்தது. அந்த 1877-ஆம் ஆண்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். அதே ஆண்டில் நம் தமிழகத்திலும் ஒரு கால்வாயின் கரையில் ஏழைகள் நின்றிருந்தனர்.

சாகவிருந்ததைக் காத்தவர்கள்

இருபதாம் நூற்றாண்டில் லாரிகளும் பெருகவே, இங்கிலாந்துக் கால்வாய்களின் முடிவு நெருங்கியதாகவே தோன்றிற்று. 1948-இல் அவை அரசுடைமையாயின. 1962-63 குளிர்காலத்தில் பல வாரங்கள் நீர் உறைந்து படகுகள் அசையாமல் நின்றபோது, எஞ்சியிருந்த சரக்கு வணிகமும் பெரும்பாலும் நின்றுபோயிற்று. பல கால்வாய்கள் தூர்ந்து குப்பைமேடாகின. நிரப்பிச் சாலை போட்டுவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

ஆனால், அதற்கு முன்னரே ஒரு விதை விழுந்திருந்தது. எல்.டி.சி. ரோல்ட் என்னும் பொறியாளர் 1939-ஆம் ஆண்டில் ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய படகைச் செப்பனிட்டு, தம் மனைவியுடன் கால்வாய்களில் பயணம் செய்தார். தாம் கண்டதை 1944-இல் ‘நேரோ போட்’ என்ற நூலாக வெளியிட்டார். மறந்துபோன ஒரு நீருலகத்தை மக்கள் அந்நூலில் கண்டனர். 1946-இல் ரோல்ட்டும் ராபர்ட் ஐக்மன் என்ற எழுத்தாளரும் சேர்ந்து உள்நாட்டு நீர்வழிகளைக் காக்க ஒரு சங்கத்தைத் தொடங்கினர்.

ஸ்ட்ராட்ஃபோர்டு நகருக்குச் செல்லும் கால்வாயின் கதை இங்கே குறிப்பிடத்தக்கது. மூன்றாண்டுகளாக எவரும் இக்கால்வாயில் செல்லவில்லை. ஆகவே மூடிவிடலாம் என்று உள்ளாட்சியினர் வாதாடினர். அப்போது, சிறு தோணியில் அவ்வழியே சென்றவர்கள் தாங்கள் செலுத்திய கட்டணத்தின் தேதியிட்ட சீட்டை எடுத்துக் காட்டினர். ஒரு துண்டுக் காகிதம் ஒரு கால்வாயைக் காத்தது! பின்னர் டேவிட் ஹட்சிங்ஸ் என்னும் கட்டடக் கலைஞரின் தலைமையில் பொதுமக்களும், படைவீரர்களும், சிறைக் கைதிகளும்கூடச் சேற்றில் இறங்கித் தூர் வாரினர். 1964-இல் அக்கால்வாய் மீண்டும் திறக்கப்பட்டது. கைதிகள் வெட்டிய வழியில் இன்று குடும்பங்கள் செல்கின்றன.

2012-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழியை ஓர் அறநிலையம் பேணி வருகிறது. ‘லாக்’குகளுக்கு வண்ணம் பூசுவதும் கரையிலுள்ள குப்பையை அகற்றுவதும் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். சரக்கு போனபின்னும் கால்வாய் பிழைத்தது ஏன்? அவ்வழியே மெதுவாகச் சென்ற மக்கள் அதைக் கண்டனர், கண்டதனால் நேசித்தனர், நேசித்ததனால் விட்டுக்கொடுக்கவில்லை.

பசித்த கைகள் வெட்டிய கால்வாய்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னை மாநகரில் கரிய சாக்கடையாகத் தேங்கி நிற்கும் பக்கிங்ஹாம் கால்வாயைக் கோவையிலிருந்து செல்வோர் பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்திருப்பார்கள். அது ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் புகழ்வாய்ந்த படகுப் பாதை. பேசில் காக்ரேன் என்ற ஆங்கிலேய வணிகர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டியதே அதன் தொடக்கம். பின்னர் வடக்கிலும் தெற்கிலும் சிறிது சிறிதாக நீண்டது. ஆந்திரத்தின் பெத்த கஞ்சத்திலிருந்து நம் மரக்காணம் வரை, கடற்கரையை ஒட்டியே ஏறக்குறைய 420 கிலோமீட்டர் அது செல்கிறது. வடக்கே கிருஷ்ணா, கோதாவரிக் கால்வாய்களோடு இணைந்து காக்கிநாடா வரை படகு சென்றது.

இடையே ஒரு துண்டு மட்டும் நெடுநாள் வெட்டப்படாமல் இருந்தது. சென்னை நகருக்குள், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே, ஏறக்குறைய ஐந்து மைல். அதை வெட்டியவர்கள் யார்? 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் வயிற்றுக்கு வழியின்றி வந்தவர்கள். பஞ்ச நிவாரணப் பணியாகவே 1877-78-இல் அத்துண்டு வெட்டி முடிக்கப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் கால்வாய் முழுவதற்கும் சூட்டப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

தாது வருடம் கொங்கு நாட்டுக்கு அயலான செய்தியன்று. கோயம்புத்தூர், சேலம் மாவட்டங்களும் அப்பஞ்சத்தில் கடுமையாக அடிபட்டன. அக்கொடுமையைச் சொல்லும் பஞ்சக் கும்மிகள் இங்கே வழங்கி வந்தன. பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்த கொள்ளை நோயாலும் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் நிவாரணப் பணியில் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும், மேற்செலவுக்கு ஓரணாவும் போதும் என்று, வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண்வெட்டி பிடிப்பவனுக்கு அது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் மறுத்து வாதாடினார். சில மாதங்களில் படி உயர்த்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் சரிந்தார்களோ, இறைவனுக்கே வெளிச்சம். இங்கிலாந்தில் படகுப் பிள்ளைகளுக்காகச் சட்டம் பிறந்த அதே 1877-ஆம் ஆண்டில், அதே அரசின் ஆட்சியில், இங்கே ஒரு பவுண்டு தானியத்துக்குக் கணக்குப் பார்த்தார்கள் என்பது வரலாறு.

நிலவொளியில் மாமல்லபுரம்

பசியில் பிறந்த கால்வாய் பலருக்குப் பசியாற்றியது. ஆந்திரத்திலிருந்து அரிசியும், விறகும், உப்பும், சுண்ணாம்புக் கிளிஞ்சலும் சென்னைக்குப் படகில் வந்தன. பாய் விரித்தும், கழி ஊன்றியும், காற்று வாய்க்காதபோது கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும் படகோட்டிகள் வந்தனர். மயிலாப்பூரின் ‘தண்ணீர்த்துறை’ச் சந்தை தன் பெயரிலேயே அக்காலத்தை ஏந்தி நிற்கிறது. காய்கறி ஏற்றி வந்த படகுகள் அண்டிய துறை அது.

இன்பப் பயணமும் இருந்தது. சென்னையில் மாலையில் ஓடமேறிப் படுத்துறங்கினால் விடியற்காலையில் மாமல்லபுரத்தை அடையலாம். வெளிநாட்டுப் பயணிகளுக்கான பழைய வழிகாட்டி நூல்கள் இவ்வழியையே பரிந்துரைத்தன. பாவேந்தர் பாரதிதாசன் இவ்வழியே ஓடத்தில் சென்ற பட்டறிவை ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாடலாக்கியிருப்பதைத் தமிழன்பர்கள் அறிவர். கால்வாய் மறைந்தாலும் அந்த ஓடம் தமிழில் மிதந்துகொண்டிருக்கிறது.

இரயிலும் லாரியும் வணிகத்தைப் பறித்தன. 1965, 1966, 1976 ஆகிய ஆண்டுகளில் வீசிய புயல்கள் கரைகளை உடைத்து மணலைக் கொட்டின. உடைந்ததைச் செப்பனிட ஆர்வம் காட்டுவோர் இல்லை. படகு நின்றது, படகு நின்றதும் பார்ப்போர் இல்லை, பார்ப்போர் இல்லாத நீரில் நகரம் தன் கழிவைத் திருப்பிவிட்டது. பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே எழும்பின. 1997-இல் மயிலை வரை அந்த இரயில் ஓடத் தொடங்கியது. 2008-இல் இக்கால்வாய் நான்காம் தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பினால் மட்டும் தூர் அகலுவதில்லை.

இருந்தும் அந்தக் கால்வாய் ஒரு நாள் தன் கடனைச் செலுத்தியது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள், ஆழிப்பேரலை எழுந்து வந்தபோது, சென்னைக்கு வடக்கே ஆந்திரக் கடற்கரை நெடுகிலும் பாய்ந்த நீரைக் கால்வாய் தன்னுள் வாங்கிக்கொண்டது. அலையின் வேகம் அங்கே தணிந்ததால் கரைக்கு மேற்கேயிருந்த பல குடியிருப்புகள் பிழைத்தன என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர். தாது வருடத்தில் பசியோடு வெட்டியவர்களும் அவர்களுக்கு முன்னும் பின்னும் வெட்டியவர்களும், தங்களுக்குத் தெரியாத தலைமுறையைக் காப்பாற்றினார்கள்.

கோவைக்கும் ஓடம் வந்திருக்குமா?

கொங்கு நாட்டார் அறியத்தக்க செய்தி ஒன்று உண்டு. கோதாவரியில் தவளேசுவரம் அணையைக் கட்டிய சர் ஆர்தர் காட்டன், இந்தியாவுக்கு இரயிலைவிட நீர்வழிகளே ஏற்றவை என்று ஓயாமல் வாதாடியவர். 1878-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவின்முன் அவர் வைத்த பெருந்திட்டத்தில், பொன்னானி ஆற்றின் வழியாக மேலேறிப் பாலக்காடு, கோயம்புத்தூர் வழியே செல்லும் ஒரு நீர்ப்பாதையும் இடம்பெற்றிருந்தது! குழு அதை ஏற்கவில்லை. போத்தனூர் வழியாக 1862-ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடத் தொடங்கிவிட்டது. கடல் மட்டத்துக்கு ஆயிரத்து முந்நூறு அடிக்கு மேலுள்ள, மழை குறைந்த நம் மண்ணில், படகுக்கென்று ஆண்டு முழுவதும் நீர் நிறுத்துவது எளிதன்று என்பதும் உண்மையே. குடிக்கவும் பயிர் வளர்க்கவும் நீர் தேடிக் கிணற்றை ஆழப்படுத்தி வந்த மக்கள் நாம்.

ஆயினும் அந்தப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, கேரளத்தின் குட்டநாட்டுக்குச் சென்றால், நீர்வழியே வாழ்வாயிருப்பதை இன்றும் காணலாம். ஆலப்புழையில், செல்வர் ஏறும் விலையுயர்ந்த வீட்டுப் படகுகள் ஒருபுறமிருக்க, அரசின் சாதாரணப் படகுகள் சிறு கட்டணத்தில் பள்ளிப் பிள்ளைகளையும், கூலித் தொழிலாளரையும், மீன் கூடைக்காரப் பெண்களையும் ஏற்றிச் செல்கின்றன. 2014-இல் புனிதராக உயர்த்தப்பட்ட குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா 1805-இல் பிறந்த கைநகரியும் அந்த நீர்நாட்டு ஊரே. வீட்டுப் படியில் தோணி கட்டி, ஞாயிறு திருப்பலிக்குத் தோணியில் சென்ற குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்று எண்ணும் பெற்றோர், ஒரு நாளேனும் அந்த அரசுப் படகில் அவர்களை ஏற்றிப் பாருங்கள். கடக்கும் ஒவ்வொரு வீட்டையும், வாசலில் பாத்திரம் துலக்கும் தாயையும் கண்டு கையசைக்கும் அளவுக்கு மெதுவாகச் செல்லும் வாகனம் இந்நாளில் வேறெது?

நம் வாய்க்கால்களின் நிலை

ஓடம் ஓடாவிட்டாலும் கொங்கு நாடு வாய்க்கால் நாடே. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காளிங்கராயன் ஆகிய பழைய வாய்க்கால்களோடு, விடுதலைக்குப் பின் எழுந்த கீழ்பவானித் திட்டக் கால்வாய் 124 மைல் நீண்டு, இரண்டு இலட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. ஆனால் அவற்றின் கரையில் நாம் நடப்பதுண்டா? காளிங்கராயன் வாய்க்காலில் தோல், சாயக் கழிவுகள் கலந்ததை உழவர்கள் எத்தனையோ ஆண்டுகள் எடுத்துச் சொன்னார்கள். நொய்யலில் சாய நீர் ஓடியதன் விளைவாக, பாசனத்துக்கென 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே உழவருக்கு எதிரியாக மாறியது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூட ஆணையிடும் அளவுக்கு நிலைமை முற்றிற்று. அந்த ஆலைகளில் பாடுபட்டுப் பிழைத்த குடும்பங்களும் நம்மவையே. ஆற்று நீரை இழந்த குடும்பங்களும் நம்மவையே. ஆகவே எவரையும் பழித்து ஒதுங்கிவிட நமக்கு உரிமையில்லை. பக்கிங்ஹாம் கால்வாய்க்கு நேர்ந்தது நமக்கும் நேரத் தொடங்கியதன் காரணம் ஒன்றே. நீரைப் பார்ப்பதை நாம் நிறுத்திவிட்டோம்.

காளிங்கராயனைப் பற்றி வழிவழியாக வரும் மற்றொரு செய்தியும் உண்டு. தன்னலத்துக்காக வாய்க்கால் வெட்டினான் என்ற பேச்சு வரக்கூடாதென்று, தானும் தன் வழியினரும் அந்நீரைப் பயன்படுத்துவதில்லை என உறுதி செய்து, பொள்ளாச்சிப் பக்கம் ஊற்றுக்குளியில் சென்று குடியமர்ந்தானாம். தான் குடிக்காத நீரைப் பிறருக்காக ஓடவிட்டவனின் வாய்க்கால் அது. ஒரு பவுண்டு தானியத்துக்கு மண் சுமந்தவர்கள் வெட்டிய கால்வாய் மற்றொன்று. இரண்டும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள்கள்.

செய்யத்தக்கது பெரிதொன்றுமில்லை. ஆங்கிலேயர் செய்ததும் முதலில் சிறியதே. மெதுவாகச் சென்று பார்த்தார்கள். ஒரு ஞாயிறு மாலை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அருகிலுள்ள வாய்க்கால் கரையில் குடும்பத்தோடு ஒரு மைல் நடந்து பாருங்கள். மதகு எங்கே, மடை எங்கே, இந்த நீர் எங்கிருந்து வருகிறது, யாருடைய வயலுக்குப் போகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், மண்வெட்டியோடு கரையில் நிற்கும் பெரியவரைக் கேளுங்கள். அவர் மகிழ்ந்து சொல்வார். வீட்டுக் குப்பையை அதில் எறிவதில்லை என்று ஒரு வீடு முடிவு செய்தால், அடுத்த வீடு அதைக் காணும். தூர் வாரும் நாளில் பங்கு இளைஞர்கள் பத்துப் பேர் மண்வெட்டியோடு சென்றால், ஊரே வந்து நிற்கும்.

தன் படகு கடந்ததும் மதகை அடைத்துவிட்டுச் செல்வது அந்நாட்டு வழக்கம் என்று மேலே கண்டோம். நமக்குப் பின்னால் இன்னொருவர் வருகிறார் என்ற நினைவே அவ்வழக்கத்தின் வேர். அந்த நினைவு நம் வீடுகளில் வேரூன்றட்டும். நம் வாய்க்கால்கள் பிழைத்துக்கொள்ளும்.